ஐம்பத்தைந்து நிமிட தூரம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, இரண்டு நாளாக எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது, உன் மேல் வண்டி வண்டியாக எரிச்சல் இருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே கொட்டியிருக்கலாம். ஆனால் நீ போனில் எப்போதும் ஓடிக்கொண்டே பேசுகிற ஆள். "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லும்மா" என்பாய், நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். நேற்று மதியமும் அதைத்தான் செய்தாய். அதனால்தான் கடிதம். இதை உன்னால் பாதியில் வெட்ட முடியாது. அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து, கடைசி வரிவரை படி.

முதலில் அந்த ஐம்பத்தைந்து நிமிடக் கணக்கை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவோம். நீ அந்த ஊர் விமான நிலையத்தில், வானிலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷமாக நான் வாயைத் திறந்தால் போதும், "எதுக்கும்மா பொலம்பறே, அம்பத்தஞ்சு நிமிஷம்தானே, நெனச்சா வந்துடுவேன்" என்கிறாய். மூன்று வருஷத்தில் நீ நினைத்தது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை வந்த அன்றே பல் வலி என்று படுத்துக்கொண்டாய். நான் இருபத்தாறு வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே என் கட்டைவிரல் கோணலாகிவிட்டது. என்னிடம் வந்து நிமிடக் கதை சொல்லலாமா? உன் ஐம்பத்தைந்து நிமிடம் என்பது விமானத்தின் சக்கரம் இங்கே தரையை விட்டதிலிருந்து அங்கே தரையைத் தொடும் வரை. மனுஷர்கள் என்ன சக்கரத்திலா குடியிருக்கிறார்கள்? நம் வீட்டிலிருந்து விமான நிலையம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும், பெட்டியைத் திற, பையைத் திற, செருப்பைக் கழற்று. அந்தப் பக்கம் இறங்கினால் உன் குடியிருப்புக்கு இன்னொரு பதினெட்டு கிலோமீட்டர். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனால் இரண்டு ஊருக்கும் நடுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்று நீதான் வரைபடத்தில் காட்டினாய். மலையைச் சுற்றிக்கொண்டு போகிற ரோட்டில் அதுவே ஐந்நூற்று நாற்பது. நூல் பிடித்துப் போகிற வசதி உன் அம்மாவுக்குக் கிடையாது. கூட்டிப் பார், உன் ஐம்பத்தைந்து நிமிடம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

இதை எப்படி இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். சொல்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே. அதற்கு முன்னால் உன் அப்பா விஷயம். ஏழு மாதத்துக்கு முன்னால் நம் ஊர் விமான நிலையத்திலேயே உன் வேலைக்கு ஒரு இடம் காலியாகி, உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய். அதைக் கேட்டு நான் போனில் உன்னைத் தாளித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டுக்குப் பக்கத்தில் வருகிற வேலையைக் காலால் உதைக்கிறாயே, அந்த மூடுபனியிலும் பொட்டல் காட்டிலும் உனக்கு என்னடி வைத்திருக்கிறது என்றேன். மறுநாள் நீ அப்பாவிடம் பேசினாய். அன்று சாயங்காலம் எனக்கு நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அப்பாகிட்ட நான் செஞ்சது தப்பாப்பான்னு கேட்டேம்மா. ஆமாம்மா, ஆமான்னு சொல்லிட்டாரு. ரெண்டு தடவ சொன்னாரு." அதோடு உனக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. நீ போன் செய்தால் "அப்பாவ கேட்டதா சொல்லு" என்று ஒரு வரி, அதுவும் போன மாதத்திலிருந்து இல்லை. அவரோ, போன் மணி அடித்தால் தகரப் பட்டறைக்குள் போய் இன்னும் பலமாகத் தட்ட ஆரம்பித்துவிடுவார். நானும் கோபம் என்றுதான் நினைத்தேன். என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறதே என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட, மறைப்பானேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரு நாள் அடுப்பில் குக்கர் விசில் மேல் விசிலாகக் கத்துகிறது, உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் மாடியிலிருந்து ஓடி வந்து அணைத்துவிட்டு, காது என்ன செவிடா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தபால்காரரா? எப்ப வந்தாரு?" என்றார். மறுநாள் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் அம்மா கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, நாற்பது வருஷம் தகரத்தைத் தட்டியதில் இடது காது ஏறக்குறையப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம், எதிரே நிற்கிறவர் உதட்டைப் பார்த்தே இவ்வளவு நாள் சமாளித்திருக்கிறார், போனில் இவருக்குப் பேச்சு பிடிபடாது என்று சொன்னார். தெருவில் அவரை டமார மாமா என்று கூப்பிடுவார்களே, பட்டறைச் சத்தத்துக்காக வைத்த பேர் கடைசியில் அவர் காதிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத பாப்பாகிட்ட போன்ல சொல்லிடாத. கேட்டா பயந்துடுவா. நானே நேர்ல பாத்து சொல்லிக்கறேன்" என்று சத்தியம் வாங்கினார். நேரில் பார்க்க நீ வந்தால்தானே?

நீ வரவில்லை, நானே போகிறேன் என்று கிளம்பினேன். அவர் கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் காதும் போய்விட்டது, நீதான் கொஞ்சம் இறங்கி வர வேண்டும் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இரண்டு நாளில் திரும்புவதாகத் திட்டம். உன்னிடம் முன்கூட்டிச் சொன்னால் அந்த வாரம் லீவு இல்லை, இந்த வாரம் ஆடிட் என்று ஏதாவது முட்டுக்கட்டை போடுவாய், அதனால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "நாளைக்குக் காலை டியூட்டி" என்று நீயே சொன்னாய். சரி, இறங்கியதும் நேராக உன் அலுவலகத்துக்கே வந்து நிற்கலாம், அந்த முழியைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஆறு முப்பத்தைந்துக்கு விமான நிலையம். எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டியது, எட்டு இருபத்தாறுக்குத்தான் சக்கரம் தரையை விட்டது, பதினாறு நிமிடம் தாமதம். நான் இருந்த காலத்தில் பதினாறு நிமிடத்துக்கு டிரைவர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பெண் வந்து சிரித்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். காற்றாடி வைத்த சின்ன விமானம், என்னோடு சேர்த்து அறுபத்தெட்டு பேர். பக்கத்து இருக்கையில் ஒரு லிப்ட் மெக்கானிக், ஐம்பது வயதிருக்கும், மடியில் கருவிப் பையை வைத்துக்கொள்ள விடவில்லை என்று ஏறும்போதே கடுப்பாக இருந்தார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம், அதைச் சரிபண்ணப் போகிறாராம். நான் பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது இருபதுக்கு உன் ஊருக்கு மேலே வந்துவிட்டோம். கணக்காக ஐம்பத்து நான்கு நிமிடம், அதை ஒத்துக்கொள்கிறேன். மேலே பளீரென்று வெயில். கீழே எட்டிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று பஞ்சு அடைத்த மாதிரி பனி, ஒரு மரம் தெரியவில்லை, ஒரு கூரை தெரியவில்லை. விமானம் சாய்ந்து ஒரு சுற்று சுற்றியது. பைலட் பேசினார். கீழே மூடுபனி, இங்குள்ள வானிலை அலுவலகம் பார்வைத் தூரம் அறுநூறு மீட்டர் என்று சொல்கிறது, இறங்க வேண்டுமென்றால் ஆயிரத்து ஐந்நூறு மீட்டராவது வேண்டும், கொஞ்ச நேரம் சுற்றிப் பார்க்கலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வானிலை அலுவலகம் என்றால் யார்? காலை டியூட்டி யாருக்கு? அடிப்பாவி, நீதானே. நீ வேலையில் சேர்ந்தபோது ஒரு தடவை பஸ்ஸில் வந்து பார்த்தேனே, அந்த மொட்டை மாடியில் என்னை நிறுத்திக் காட்டினாயே, அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டி எண்ணூறு மீட்டர், அதோ அந்த செல்போன் கோபுரம் ஆயிரத்து ஐந்நூறு, அந்தப் புகைபோக்கி மூன்று கிலோமீட்டர், எது தெரிகிறதோ அதை வைத்துத்தான் சொல்வோம் என்று. அந்த மாடியில் நீ கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைத் தேடிக்கொண்டு நிற்கிறாய், உன் தலைக்கு மேலே நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. மூன்று வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் நான் வந்தது அதிகமில்லை. மேலே ஒரு சத்தம் சுற்றிச் சுற்றி வந்ததை நீ கேட்டிருப்பாய். அது நான்தான்.

இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. மறுபடி பைலட், இன்னும் அறுநூறுதான் என்கிறார்கள், திரும்பிப் போகிறோம், மன்னிக்கவும் என்றார். நான் மனசுக்குள் உன்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. ஒரு ஆயிரத்தைந்நூறு என்று சொல்லித் தொலைத்தால் என்ன, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கோபுரம் தெரியாமலா போகும் என்றெல்லாம் நினைத்தேன். அதற்குள் பக்கத்து லிப்ட் மெக்கானிக் சத்தமாகவே ஆரம்பித்துவிட்டார். "ஆஸ்பத்திரில லிப்ட் நடுவுல நிக்குதுன்னா, என்னைக் கொண்டுவந்து நடு வானத்துல நிறுத்திட்டாங்க. கீழ எவனோ ஒருத்தன் தூங்கிட்டு இருக்கான். அறுநூறாம்! போர்வைய விட்டு வெளிய வந்து பாத்தானா அவன்?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எவனோ இல்ல, அவ. என் பொண்ணு. நாலு மணிக்கே எந்திரிச்சு மாடில நின்னு பாக்கறவ. அவ அறுநூறுன்னு சொன்னா அறுநூறுதான், அறுநூத்தி ஒண்ணுகூட கெடையாது" என்று நான் போட்ட போட்டில் முன் வரிசை பின் வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது. நம் வீட்டு விஷயத்தை நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஊரான் திட்டினால் பொறுக்குமா? யாரோ ஒரு அம்மா பின்னாலிருந்து, "அப்ப உங்க பொண்ணுகிட்டயே சொல்லி எறக்கச் சொல்லுங்களேம்மா" என்றாள். பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உன் பெரிய மாமா ஞாபகம் வந்தது. என் சொந்த அண்ணன், என் பஸ் நிலையத்திலேயே டிரைவர். ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "சரியான டைம்னு போட்டுடும்மா, மெமோ குடுத்துடுவாங்க" என்று கெஞ்சினார். நான் பன்னிரண்டு நிமிடம் என்றுதான் எழுதினேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இதை அந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் தணிந்த குரலில், "சரிதாம்மா. லிப்டும் அப்படித்தான். தளத்துக்கு நேரா நிக்காம கதவத் தொறக்கக் கூடாது, உள்ள இருக்கறவன் எவ்வளவு கத்தினாலும்" என்றார். அதற்கப்புறம் இறங்கும் வரை தன் பிஸ்கட்டில் பாதியை எனக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பத்து நாற்பத்தாறுக்கு, கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லை என்பார்களே, அதுதான். வானத்தில் மட்டும் இரண்டு மணி இருபது நிமிடம். மறுபடி இரண்டு பஸ், அதில் ஒன்று நடுவில் பஞ்சர். வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று ஐந்து. ஏழே முக்கால் மணி நேரப் பயணம், போய்ச் சேர்ந்த தூரம் பூஜ்ஜியம். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வண்டியை நான் பதிவு செய்ததே இல்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம், கவனமாகப் படி. உன் அப்பா பட்டறை வாசலில் உட்கார்ந்து ஒரு வாளிக்கு அடிப்பாகம் பொருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முகமெல்லாம் பல்லாக, "அதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துட்டியா? பாப்பா சொன்னது நெசந்தான் போல, அம்பத்தஞ்சு நிமிஷம்!" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பையை நடுத்தெருவிலேயே போட்டேன். போகவே இல்லை என்றேன். கேட்கவில்லை. பனி, பனி என்று கத்தினேன். "பணியா? எனக்கென்ன பணி, வாளிதான் பண்ணிட்டிருக்கேன்" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டு, உங்கள் பெண்தான் திருப்பி அனுப்பினாள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது மட்டும் சரியாகக் கேட்டது. முகம் அப்படியே சுருங்கிப் போனது. "திருப்பி அனுப்பிட்டாளா? உன்னையவா? அப்ப எம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்காளா?" என்றார்.

அவளுக்கென்ன கோபம், கோபம் உங்களுக்குத்தானே, ஏழு மாதமாகப் பேசாமல் இருப்பது நீங்கள்தானே என்று கேட்கிறேன், அவர் என் உதட்டையே பார்க்கிறார், பாதி புரிகிறது பாதி புரியவில்லை. எதிர் ஜெராக்ஸ் கடை அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டாள். தையல் கடையில் மிஷின் நின்றது. தெரு முழுக்க வேடிக்கை. நானும் வெட்கத்தைப் பார்க்காமல், அவள் போனில் நான் செஞ்சது தப்பாப்பா என்று கேட்டாளே, நீங்கள் ஆமாம்மா ஆமா என்று சொன்னீர்களே என்று மூன்று தடவை கத்தினேன். "என்ன கேட்டா? என்ன கேட்டா?" என்கிறார். அந்த ஜெராக்ஸ் கடை அம்மாதான் புத்திசாலி, கெட்டுப்போன பிரதி ஒன்றின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தாள். 'நான் செஞ்சது தப்பாப்பா?' என்று அவ்வளவுதான். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லையே. அவ சாப்டாச்சாப்பான்னுல்ல கேட்டா" என்றார்.

தப்பாப்பா, சாப்டாச்சாப்பா. ஏழு மாதம்! இதற்குத்தான் நீ அங்கே மூக்கைச் சிந்திக்கொண்டு, இவர் இங்கே தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டு, நான் நடுவில் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிக்கொண்டு. நீ அன்றைக்கு டக்கென்று போனை வைத்ததும், பெண்ணுக்கு நம்மோடு பேச நேரமில்லை என்று இவர் நினைத்திருக்கிறார். அப்புறம் நீ ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதும், ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறார். போன் அடித்தால் பட்டறைக்குள் ஓடியது எதனால் என்று கேட்டேன். "அவ குரல் போன்ல டப்பாக்குள்ள பேசற மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லி ஒப்பேத்தறேன். அவ ஏதாவது கஷ்டத்தச் சொல்லி அதுக்கும் நான் ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது, அந்தப் பயந்தான்" என்றார். அந்தப் பயம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பது சொல்லும்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எம்புள்ள கேட்டதுக்கு நான் தப்புன்னு சொன்னேனா? அத வச்சுக்கிட்டு இத்தன நாள் அங்க ஒத்தையா இருந்தாளா?" என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தே கேட்டார். ஜெராக்ஸ் கடை அம்மா மெதுவாக நகர்ந்து போய்விட்டாள். அன்று மதியத்துக்கு மேல் பட்டறையில் சத்தமே இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று தெருவில் நான்கு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த அமைதியில்தான் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும் "அம்மா, காலைலேந்து ஒரே பனி, ப்ளேன் திரும்பிப் போச்சு, டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் போன் பண்ணி என்னைத் திட்டறாங்க, அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தத் திட்டினவர்கள் வரிசையில் முதல் ஆள் நான்தான் என்று சொல்லக்கூட விடவில்லை. உனக்கு என்ன அவசரமோ.

சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன், இடம் மாறி வருவதற்கு நீ ஏன் மறுத்தாய் என்பதையும். அங்கே மாடியில் நின்று பனி பார்க்கிறவர்கள் இரண்டே பேர், நீ போய்விட்டால் பனிக்காலம் முழுக்க மற்றவர் தனியாகத் தவிப்பார், இங்கே வந்தால் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார வேண்டும், அங்கேதான் வானத்தைப் பார்க்க முடியும் என்று அன்றைக்கு நீ சொன்னாயே, எனக்குத்தான் அப்போது ஒன்றும் ஏறவில்லை. அவர் படித்துவிட்டு, "இதுல என்ன தப்பு இருக்கு? எவ்வளவு பேரு இருந்தாங்க ப்ளேன்ல?" என்று கேட்டார். அறுபத்தெட்டு என்று விரலைக் காட்டிச் சொன்னேன். "அறுபத்தெட்டு பேரையும் முழுசா வீட்டுக்கு அனுப்பிருக்கா. இத விட்டுட்டு இங்க வந்து என்ன செய்யப் போறா?" என்றார். பிறகு அந்த ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து, தகரத்தில் அளவு குறிக்கிற பென்சிலால், உன் கேள்விக்குக் கீழே, 'இல்லம்மா' என்று எழுதி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உன் கையிலேயே கொடுக்கப் போகிறாராம். அவர் கொடுக்கும்போது முதல் தடவை பார்க்கிற மாதிரி பார், நான் முன்னாலேயே எழுதிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே. போனில் சொல்லாதே என்றுதான் சத்தியம் வாங்கினார், கடிதத்தில் எழுதாதே என்று சொல்லவில்லை. இருந்தாலும் தெரிந்தால் எனக்கு மண்டகப்படிதான்.

தப்பு என்று சொன்னது அவர் இல்லை, நான். நான் அன்று பேசியதை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. இன்னும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றுதான் தோன்றுகிறது, அது போகாது, அதற்காக நீ செய்தது தப்பாகிவிடாது. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே, முழங்கால் வலிக்கிறது.

இப்போது ஏற்பாட்டைக் கேள். வருகிற திங்கட்கிழமை அதே எட்டு பத்து விமானத்தில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், ஐந்து நாள் இருப்போம். அப்பாவுக்கு இதுதான் முதல் விமானம். இப்போதே பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அந்தக் காற்றாடிச் சத்தம் அறுபத்தெட்டு பேரில் அவர் ஒருத்தருக்குத்தான் தொந்தரவாக இருக்காது. அவரோடு பேசும்போது வலது பக்கமாக, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வாயைக் கையால் மறைக்காமல், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசு. கத்தாதே, கத்தினால் அவருக்கு அவமானமாக இருக்கிறது. புரியாமல் ஆமா என்று சொன்னால் உடனே கண்டுபிடி, தலையை இரண்டு தடவை ஆட்டுவார், அதுதான் அடையாளம். காதுக்கு மெஷின் வைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் எடுத்து வருகிறேன், நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொல்லிப் பார். உன் அறையில் இரண்டு பேர் படுக்க இடம் ஒதுக்கி வை, போன தடவை மாதிரி துவைக்காத துணியை நாற்காலியில் குவித்து வைக்காதே. மாடிக்குப் போகும்போது காதை மூடிக்கொள், உனக்காவது காது நன்றாக இருக்கட்டும்.

நீ நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு, நினைத்ததெல்லாம் கைகூடி நெடுநாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல், அதற்கு மேல் போனில் ஒன்றும் பேச வேண்டாம்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. திங்கட்கிழமையும் உனக்குக் காலை டியூட்டியாக இருந்து, பனியும் இருந்தால், இருக்கிறது என்று சொல். அம்மா மேலே இருக்கிறாள், அப்பா முதல் தடவையாக ஆசையோடு வருகிறார் என்று பார்த்து நூறு மீட்டர்கூடக் கூட்டிச் சொல்லிவிடாதே. அப்பாவிடமும் இதை மட்டும் தனியாக எழுதிக் காட்டிக் கேட்டுவிட்டேன். திருப்பி அனுப்பினால் திரும்பிப் போவோம், வியாழக்கிழமை மறுபடி வருவோம் என்கிறார்.

இப்படிக்கு,
உன் தலைக்கு மேலே மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்த
உன் அம்மா